கணவரை இழந்து பிறந்த வீட்டில் இருக்கும் பெண்ணின் பிள்ளைகளுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை கிடைக்குமா?

கிடைக்கும். என் நாத்தனாரின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஆனால் "பிறந்த வீட்டில்" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறீர்களே, அதில்தான் எங்களுக்குப் பத்து மாதம் போனது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் கேட்பது மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வரும் நிதி ஆதரவு என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். முன்பு 2,000 ஆக இருந்தது, 2022-ல் கூட்டினார்கள். அப்பா இறந்துபோன பிள்ளைகள், கைவிடப்பட்ட அல்லது விவாகரத்தான பெண்ணின் பிள்ளைகள், தாய் தகப்பன் இருவரும் இல்லாமல் உறவினர் வீட்டில் வளர்பவர்கள், பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் கிடப்பவர்கள் எல்லோரும் கேட்கலாம். கிராமமென்றால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் 96,000-க்குள். மனு கொடுக்க வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். எங்கே போவதென்றே தெரியவில்லை என்றால் 1098-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். இறப்புச் சான்று, பள்ளியில் படிக்கும் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் எப்படியாவது சேர்ந்துவிடும். வருமானச் சான்றுதான் கழுத்தை அறுக்கும்.

நாங்கள் வெண்ணாற்றங்கரை. நாத்தனாரைக் கட்டிக் கொடுத்தது பட்டுக்கோட்டைப் பக்கம். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. 2022-ல் ஒரு நாள் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுமாதமே அவள் இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாங்கள்தான் கூட்டி வந்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "அண்ணன் வீட்டில் சோறு போடவில்லையா, எதற்கு அரசுப் பணம்?" என்று கீழே யாராவது எழுதுவார்கள். சோறு போட்டோம். இன்றும் போடுவோம். ஆனால் பெரியவளின் நோட்டுப் புத்தகத்துக்கும் சின்னவனின் செருப்புக்கும் ஒவ்வொரு முறையும் அண்ணன் முகத்தைப் பார்த்து நிற்பது எப்படி இருக்கும் என்று, அப்படி நின்றவளிடம் கேளுங்கள்.

சரி, வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்துவிட்டு, நானும் அவளும் வி.ஏ.ஓ. ஆபீஸ் போனோம். மனிதர் கெட்டவர் இல்லை.

"ஏம்மா, நீ எங்க சாப்பிடுற?"

"அண்ணன் வீட்லதான் சார்."

அவ்வளவுதான், பேனாவை மூடி வைத்துவிட்டார். ஒரே அடுப்பு என்றால் ஒரே குடும்பமாம், அண்ணன் வருமானத்தையும் சேர்த்துத்தான் எழுத முடியுமாம். "அண்ணனுக்கு மூணு ஏக்கர் இருக்குல்ல?" என்றார்.

மூன்று ஏக்கர்! அந்த வருடக் குறுவையை அறுத்து, எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் ஒன்பது நாள் ரோட்டோரம் கொட்டி வைத்திருந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிடுவார்கள். பகலெல்லாம் காய வைப்போம், சாயங்காலம் மழை வரும். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் அடி நெல் முளை விட்டிருந்தது. ஒருவழியாக எடை போடும்போது ஒவ்வொரு மூட்டைக்கும் கைக்காசு வேறு அழ வேண்டும், அதற்கு ரசீது கிடையாது. இந்த மூன்று ஏக்கர் வருமானத்தைத்தான் அவள் தலையில் ஏற்றப் பார்த்தார்கள். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். வயிற்றெரிச்சல்.

அவள் பெயரில் தனி ரேஷன் கார்டு இருந்தால் வேலை நடக்கும் என்று இ-சேவை மையத்துப் பெண்தான் சொன்னாள். அதற்கு முதலில் மாமியார் வீட்டுக் கார்டிலிருந்து அவள் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் நீக்க வேண்டும். நீக்கப் போனால் கார்டில் பதிந்த நம்பருக்கு ஓடிபி போகும். அந்த நம்பர் இறந்துபோனவருடையது. சிம் அவர் தம்பியிடம் இருந்தது. வீட்டுப் பங்கு விஷயத்தில் மனஸ்தாபமாகி ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கொழுந்தன். இவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கூப்பிட்டாள். அவர் ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு, "பிள்ளைங்க நல்லாருக்கா அண்ணி?" என்று கேட்டாராம். இவளால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம்தான் அடுப்பு. தனிக் கார்டுக்குத் தனிச் சமையல் இருக்க வேண்டும், ஆள் நேரில் வந்து பார்ப்பார். கொல்லைத் தாழ்வாரத்தில் நெல் மூட்டை அடுக்கும் இடத்தை ஒழித்து, மூன்று பக்கம் கீற்று மறைப்புக் கட்டி, கடப்பைக்கல் ஒன்றைப் போட்டு, பரணில் கிடந்த பழைய இரண்டு பர்னர் அடுப்பைத் துடைத்து வைத்தேன். ஒரு குக்கர், இரண்டு சட்டி, அஞ்சறைப் பெட்டி. என் மாமியார் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பக்கத்து வீட்டில் போய், "புருசன் போன பொண்ணுக்கு அடுப்பைப் பிரிச்சிட்டா என் மருமவ" என்று அழுதிருக்கிறார். ராத்திரிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கூட்டுறவு வங்கியில் பார்த்த ஒருத்தி, "ஏன்க்கா, ரெண்டு புள்ளைங்க சாப்பாடு பாரமாப் போச்சா?" என்று கேட்டாள். மனு, சான்று, வரிசை எதிலும் நான் அழவில்லை. அன்று அழுதேன்.

பார்க்க வந்தவர் அடுப்பைப் பார்த்தார், குக்கரைத் திறந்து பார்த்தார். உள்ளே பருப்பு இருந்தது. எழுதிக்கொண்டு போனார். பொய்க்கணக்குக் காட்டி வாங்கினோம் என்பவர்களுக்கு ஒன்று: முதல் நாள் அந்த அடுப்பைக் காட்டுவதற்காகத்தான் வைத்தோம், ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் காலையில் நான் எழுந்து போனால் அவள் அங்கே பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும் அண்ணி, இது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். அன்றிலிருந்து அது அவள் அடுப்பு. நூறு நாள் வேலைக்குப் போய் வந்து அவளே சமைக்கிறாள்.

கார்டு வந்தது. அதைக் காட்டியதும் வருமானச் சான்றும் வந்தது. மனு கொடுத்த பிறகு வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், பிறகு ஒரு குழு கூடி ஒப்புதல் தர வேண்டும். நிதி வந்தால்தான் பணம். அதனால் மாதா மாதம் டாணென்று விழும் என்று நம்பிச் சீட்டு கட்டிவிடாதீர்கள். எங்களுக்கு முதலில் பெரியவள் கணக்கில் மூன்று மாதத்துக்குச் சேர்த்து 12,000 விழுந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினால் பணமும் நின்றுவிடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் அண்ணன், அண்ணி என்று யாராவது இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கார்டில் எந்தப் போன் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அடுப்பு வைப்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் எதற்கென்று உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் செய்தேன், என் மாமியார் அந்தத் தாழ்வாரப் பக்கம் கால் வைக்க ஆறு மாதமானது. இப்போது மகளின் வத்தக்குழம்புக்காகத் தட்டை எடுத்துக்கொண்டு அங்கேதான் போகிறார். என் மகனும் அங்கேதான்.

ஐப்பசி அடைமழையில் மட்டும் கீற்று வழியாகச் சாரல் அடித்து அடுப்பு நின்றுவிடும். அன்றைக்கு என் அடுப்பில்தான் இரண்டு வீட்டு உலையும். இதை அந்த ஆய்வுக்கு வந்தவரிடம் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.