வயதான அப்பா அம்மாவை சிங்கப்பூரிலிருந்து காரில் மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாமா? வெறும் மரம் பார்க்க அவ்வளவு தூரம் தேவையா?

'வெறும் மரம்' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் உறுத்தியதால்தான் எழுதுகிறேன். உங்கள் பெற்றோருக்கும் எழுபதை ஒட்டிய வயது, முட்டிவலி உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

என் அப்பா 1978 முதல் இங்கே சாலையோரம் மரம் நட்டவர். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே விரைவுச்சாலைக்குக் குடை பிடிக்கும் தூங்குமூஞ்சி மரங்களில் சில, அவர் கையால் கன்றாகக் குழியில் இறக்கியவை. கல்யாண வீட்டில் "அப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்பார்கள். சொன்னதும் "ஓ, புல்லு வெட்டுறதா" என்று அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். சொந்தச் சித்தப்பாவே தன் மகன் நிச்சயதார்த்தத்தில் எங்களைக் கடைசி மேசையில் உட்காரவைத்தார். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் விடுமுறையில் கிளம்பினோம். விடியற்காலை நாலரைக்கே உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி. பிறகு யோங் பெங், செகாமாட், தெமர்லோ, ஜெரன்துட். கோலா தாகானில் காரை விட்டுவிட்டுத் தெம்பெலிங் ஆற்றைப் படகில் கடந்தால் காடு. 4,343 சதுர கிலோமீட்டர். 13 கோடி ஆண்டுப் பழமை என்பார்கள். அது காட்டின் வயது, மரத்தின் வயதல்ல. யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

உள்ளே ஒரு துவாலாங் மரம். இந்த இனம் எண்பது மீட்டரையும் தாண்டி வளரும். வழவழப்பான வெளிர் பட்டை, உச்சியில் மலைத்தேனீக் கூடுகள். தேனுக்காகவே கிராமத்தார் இதை வெட்டாமல் விடுவார்களாம். பலகை வேர்கள் ஒவ்வொன்றும் என் தலைக்கு மேல் நின்றன. நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா நேராக அடிமரத்துக்குப் போய், விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். உளுத்திருக்கிறதா என்று வேலையில் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

"உள்ள கெட்டியா இருக்குப்பா."

அப்புறம் வேர்மேல் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போது சொன்னார்: "நான் நட்டதுக்கெல்லாம் வேர் விட இவ்வளவு இடம் இல்ல. ரோடு, சாக்கடை, கேபிள். இருந்தும் வளந்துச்சுங்க." முப்பது வருட வேலையைப் பற்றி அவர் அவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்குக் காடு பிடிக்காமலும் போகலாம். ஆனால் தூரத்தைச் சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். நெரிசல் இல்லாவிட்டால் ஆறேழு மணி நேரம்தான், நடுவில் ஒரு இரவு தங்கியும் போகலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, அப்போது வேண்டாம். காருக்கான மலேசிய நுழைவு அனுமதியை (VEP) முன்பே எடுத்துவிடுங்கள். இங்கிருந்து புறப்படும்போது பெட்ரோல் முக்கால் டாங்குக்குக் குறையக் கூடாது. அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க நீளக் காலுறை. படகுத்துறையிலிருந்து ஏறப் படிகள் உண்டு, அங்கே மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.