விழுந்து கிடந்த மைனாக் குஞ்சுக்குப் பாலும் பாணும் கொடுக்கலாமா?

ஏறாவூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: வளவில் விழுந்து கிடந்த மைனாக் குஞ்சை எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறாராம், பாலில் நனைத்த பாண் கொடுக்கலாமா என்று.

வேண்டாம் தம்பி. பறவைக்குப் பால் செரிக்காது, வயிற்றோட்டம் வரும். பாணில் சத்தும் இல்லை. அதைவிட முக்கியம், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குஞ்சின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேரே அதற்குள் போய்விடும். பாவம் பார்த்து ஒரு மூடித் தண்ணீர் ஊற்றியே குஞ்சைச் சாகடித்தவர்கள் உண்டு.

சரி, முதலில் குஞ்சை நன்றாகப் பாருங்கள். உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, காலூன்றித் தத்துகிறதா? அப்படியென்றால் அது விழவில்லை, பறக்கப் பழக இறங்கியிருக்கிறது. தாயும் தகப்பனும் பக்கத்து மரத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கும். எடுத்த இடத்திலேயே ஒரு செடி மறைவில் விட்டுவிட்டு, பூனையையும் நாயையும் கட்டுப்படுத்தினால் போதும். புலுனிக் குஞ்சென்றால் இன்னும் சுகம். அந்தக் கூட்டத்தில் தாய் தகப்பன் மட்டுமல்ல, மற்றப் புலுனிகளும் சேர்ந்துதான் இரை கொடுக்கும்.

இறகு முளைக்காத குஞ்சென்றால் கூட்டைத் தேடுங்கள். மைனா தென்னம் பொந்திலும் கூரை இடுக்கிலும் கூடு வைக்கும். எட்டினால் திரும்ப வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை. கச்சான் காற்றில் கூடே விழுந்துவிட்டதென்றால், பழைய பனையோலைப் பெட்டியின் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, காய்ந்த புல் பரப்பி, நிழலான கிளையில் உயரக் கட்டுங்கள். மறுகா தள்ளி நின்று பாருங்கள். நீங்கள் கீழேயே நின்றால் தாய் இறங்காது.

தாய் வரவேயில்லை என்றால்தான் நீங்கள் வளர்க்க வேண்டும். அப்போதும் முதல் வேலை தீனி இல்லை, சூடு. குளிர்ந்துபோன குஞ்சுக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. சப்பாத்துப் பெட்டியில் பழைய துணி விரித்து, வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். இறகில்லாக் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும்.

உடம்பு சூடானதும் வாயைத் திறந்து கேட்கும். அவித்த முட்டையை மசித்துக் கொடுக்கலாம். பூனைக்குப் போடும் உலர் தீனியை ஊறவைத்தும் கொடுக்கலாம், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது. தலை நசுக்கிய சின்ன வெட்டுக்கிளி, ஈசல் எல்லாம் நல்லது. வயல் மருந்தடித்த இடத்துப் பூச்சி மட்டும் வேண்டவே வேண்டாம். முனை மழுங்கிய இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வையுங்கள். விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை அரை மணிக்கொரு தடவை கொடுக்க வேண்டும், இரவில் தேவையில்லை. வேலைக்குப் போகிறவரால் இது தனியாக முடியாது, வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். வெள்ளைச் சவ்வுக்குள் பொதிந்த மாதிரி எச்சம் விழுந்தால் செரிக்கிறது என்று அர்த்தம்.

பூனை கவ்வியதென்றால் காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். பூனையின் வாய்க்கிருமி சின்னக் கீறலிலேயே கொன்றுவிடும். எலும்பு முறிவு இருந்தாலும், பார்க்க ஆளில்லாவிட்டாலும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். வளர்ந்தபின் கூட்டிலடைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான காட்டுப் பறவைகளுக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பாதுகாப்பு இருக்கிறது. தானாகப் பொறுக்கித் தின்னவும் நன்றாகப் பறக்கவும் தொடங்கியதும், மைனாக்கள் மேயும் இடத்திலேயே காலையில் திறந்துவிடுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: அது மைனாதானா? காகக் கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சாகவும் இருக்கலாம். புறாக் குஞ்சென்றால் நான் சொன்ன தீனி சரிவராது, அது வாயைத் திறந்து கேட்கவும் கேட்காது. சொண்டும் காலும் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள்.