உஸ்மானிய அந்தப்புரத்தை வைத்து வரலாற்று நாவல் எழுத என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

துருக்கித் தொடர்களைப் பார்த்ததிலிருந்து உஸ்மானிய அந்தப்புரப் பெண்களைப் பற்றி ஒரு நாவல் எழுத ஆசை என்றும், சூழ்ச்சிகள் நம்பும்படி இருக்க எதில் கவனம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். கதாநாயகிக்குப் பெயர்கூட அப்புறம் வைத்துக்கொள்ளலாம். 1525இல் நடக்கக்கூடிய சூழ்ச்சி 1600இல் நடக்காது, 1650இல் அது முற்றிலும் வேறு. அடுத்த அரியணை யாருக்கு என்ற வழக்கம் மாறிக்கொண்டே வந்ததுதான் காரணம்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டால் அவளைச் சுல்தான் மறுபடி படுக்கைக்கு அழைப்பதில்லை. ஒரு தாய்க்கு ஒரு மகன் என்பது வழக்கம். பையன் வளர்ந்ததும் மனிசா, அமாஸியா போன்ற ஊர்களுக்கு ஆளுநராகப் போவான். தாயும் கூடப் போய் அவன் வீட்டைக் கட்டியாள்வாள். சுல்தான் கண்ணை மூடினால் ஒரு மகனுக்கு அரியணை, மற்றவர்களுக்கு மரணம். ஆகவே அந்தப் பெண்களின் போட்டியை வெறும் பொறாமையாக எழுதினால் கதை மெலிந்துவிடும். மகன் உயிரோடிருப்பதுதான் பந்தயம். சுல்தான் சுலைமான், அடிமையாக அரண்மனைக்கு வந்த ஹுர்ரெமிடம் இந்த வழக்கத்தை மீறினார். 1521 முதல் 1531 வரை அவளுக்கு ஐந்து மகன்களும் மிஹ்ரிமா என்ற மகளும் பிறந்தார்கள். 1534 வாக்கில் அவளை முறைப்படி மணந்தும் கொண்டார். மூத்த இளவரசன் முஸ்தஃபாவின் தாய் மஹிதெவ்ரானுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். முஸ்தஃபா 1553இல் தந்தையின் உத்தரவால் கொல்லப்பட்டான்.

1595இல் மூன்றாம் மெஹ்மெத் அரியணை ஏறியதும் தன் 19 சகோதரர்களைக் கொன்றார். 1603இல் 13 வயதில் பட்டத்துக்கு வந்த முதலாம் அஹ்மெத் தன் தம்பி முஸ்தஃபாவை உயிரோடு விட்டார். அதன்பின் இளவரசர்கள் மாகாணங்களுக்குப் போகவில்லை. அரண்மனைக்குள்ளேயே அடைபட்டு வளர்ந்தார்கள். பயிற்சியில்லாத சுல்தான்கள், சிறுவர் சுல்தான்கள், அவர்கள் சார்பில் ஆளும் தாய்மார்கள் என்று 17ஆம் நூற்றாண்டின் நிலைமை இங்கிருந்துதான் பிறக்கிறது.

இடத்திலும் பலர் சறுக்குகிறார்கள். ஹுர்ரெம் வந்தபோது அரச குடும்பத்துப் பெண்கள் சுல்தானின் அரண்மனையான தோப்கபியில் வசிக்கவில்லை. இன்று இஸ்தான்புல் பல்கலைக்கழகம் நிற்கும் இடத்திலிருந்த பழைய அரண்மனையில் வசித்தார்கள். ஹுர்ரெம் காலத்தில் தொடங்கிய இடமாற்றம் மூன்றாம் முராத் காலத்தில்தான் (1574–1595) நிறைவடைந்தது. 1665இல் தோப்கபி அந்தப்புரத்தில் பெருந்தீ. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் அறைகளில் பெரும்பகுதி அதற்குப் பின் கட்டியவை. அந்தப் படங்களைப் பார்த்து ஹுர்ரெமின் அறையை வர்ணித்தால் நூறாண்டுக்கு மேல் தவறிவிடும். இதேபோல் 1520களில் யார் கையிலும் காபிக் கோப்பை கொடுக்காதீர்கள். இஸ்தான்புல்லில் காபிக் கடைகள் திறந்தது 1550களில். புகையிலை அதற்கும் பிறகு. தக்காளியைச் சமையலறைக்குள் விடவே வேண்டாம்.

யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைச் சம்பளத்தில் காட்டுங்கள். ஹுர்ரெமுக்கு நாள் ஒன்றுக்கு 2000 அக்சே (வெள்ளி நாணயம்). அதே காலத்தில் சுல்தானின் காலாட்படையான ஜானிசாரியில் சாதாரண வீரனுக்கு நாள்கூலி ஒற்றை இலக்கத்தில்தான். புதிதாக வந்த பெண் ஜாரியே. தேர்ந்தவள் கல்ஃபா. ஒரு பிரிவை நடத்துபவள் உஸ்தா. சலவை, கருவூலம், நோயாளிகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. இக்பால், கதின் போன்ற பட்டங்கள் பின்னால் வந்தவை. ஹுர்ரெம் காலத்துக்கு, சுல்தானின் பிரியத்துக்குரியவளைக் குறிக்கும் ஹஸெகி போதும். இவர்களில் பெரும்பாலோர் சுல்தானின் படுக்கையறையைப் பார்த்ததே இல்லை. துருக்கி மொழி, தொழுகை, தையல், இசை கற்று, சில ஆண்டு பணிக்குப் பின் விடுதலை பெற்று, அரண்மனையிலேயே வளர்ந்த ஓர் அதிகாரிக்கு மனைவியாகப் போனவர்கள் ஏராளம். இப்படிப் போனவள் தன் பழைய எஜமானியோடு உறவை விடமாட்டாள். நாவலாசிரியருக்கு இது தங்கச் சுரங்கம், யாரும் தோண்டுவதில்லை. சட்டத்தையும் ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள்: எஜமானனுக்குக் குழந்தை பெற்ற அடிமைப் பெண்ணை விற்க முடியாது, அவன் இறந்ததும் அவள் சுதந்திரமானவள், குழந்தை பிறப்பிலேயே சுதந்திரமானது.

இப்போது சூழ்ச்சிக்கு வருவோம். நஞ்சுக் குப்பியை எடுக்கும் முன் ஒரு தாளில் வாசல்களை வரையுங்கள். அந்தப்புரத்துப் பெண்ணுக்கு ஆசை இருக்கும், பணம் இருக்கும், ஆனால் வாசலைத் தாண்ட முடியாது. அவள் சொல்லை யார் வெளியே கொண்டுபோகிறார்கள் என்பதே உங்கள் கதை. அந்தப்புரத்தின் வண்டி வாசலில் கறுப்பு அண்ணகர்கள், அதாவது ஆண்மை நீக்கப்பட்ட அடிமைக் காவலர்கள். அவர்களின் தலைவரான கிஸ்லர் ஆகா 1580களின் இறுதியில் மக்கா, மதீனா அறக்கட்டளைகளின் நிர்வாகத்தையும் கையில் எடுத்தபின் பேரரசின் பெரும் புள்ளிகளில் ஒருவர். வெள்ளை அண்ணகர்கள் காத்தது வேறு வாசல், மூன்றாம் முற்றத்துக்குப் போவது, இரண்டையும் குழப்பவேண்டாம். விறகு சுமந்து உள்ளே வரும் கோடரிக் காவலர்கள் தொப்பியிலிருந்து கன்னங்களின் இருபுறமும் சடைகள் தொங்க, காலரை உயர்த்திக்கொண்டு, பக்கவாட்டில் எதையும் பார்க்காமல் நடக்க வேண்டும். அப்படி ஒருவன் தாழ்வாரத்தில் போகும் ஒரு காட்சி பத்துப் பக்க வர்ணனைக்குச் சமம்.

அடுத்தவர்கள் கிரா எனப்பட்ட யூதப் பெண் தரகர்கள். துணி, நகை விற்க உள்ளே வருவார்கள், கடிதங்களோடு வெளியே போவார்கள். மூன்றாம் மெஹ்மெதின் தாய் சஃபியே சுல்தானின் கிரா எஸ்பெரான்சா மால்கி 1599இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்துக்கே எழுதினார்: முகத்துக்கான வடிநீர்கள், கைக்கான வாசனைத் தைலங்கள் அனுப்புங்கள், பெண்களின் பொருள் என்பதால் என் கை வழியாகவே வரட்டும் என்று. அடுத்த ஆண்டு குதிரைப்படை வீரர்கள் அவரைக் கொன்றார்கள். சுல்தானின் தாய்மேல் இருந்த கோபம் வாசலில் நின்றவள்மேல் இறங்கியது. மூன்றாவது வழி மருமகன்கள். மிஹ்ரிமாவை மணந்த ருஸ்தெம் பாஷா பின்னர் பிரதம அமைச்சரானார். மஹிதெவ்ரானின் மகன் முஸ்தஃபா கொல்லப்பட்டதும் அந்தப் பதவியை இழந்த அவர், இரண்டே ஆண்டில் திரும்பப் பெற்றார்.

இவையெல்லாம் ஒன்றாகச் சேரும் இரவு 1651 செப்டம்பர் 2. 1648இல் சுல்தான் இப்ராஹிமை இறக்கிவிட்டு அவர் மகன் நான்காம் மெஹ்மெதை ஆறு வயதில் அமர்த்தினார்கள். வழக்கப்படி பாட்டி கோசெம் பழைய அரண்மனைக்குப் போயிருக்க வேண்டும். சிறுவனின் தாய் துர்ஹானுக்கு வயது போதாது, அனுபவம் இல்லை என்று கோசெமையே ஆட்சி நடத்த வைத்தார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு ராஜமாதாக்கள். கோசெமுக்கு ஜானிசாரித் தளபதிகள் பக்கம். துர்ஹானுக்கு அண்ணகர் தலைவர் சுலைமான் ஆகா பக்கம். மெஹ்மெதை நீக்கிவிட்டு அவன் மாற்றாந்தாய் மகனான தம்பி சுலைமானை அமர்த்த கோசெம் திட்டமிட்டாள். சுலைமானின் தாயை வளைப்பது எளிது. இரவில் வாசல்களைத் திறந்துவைத்து ஜானிசாரிகளை உள்ளே விடுவது ஏற்பாடு. கோசெமின் பணிப்பெண் மெலெகி அதைத் துர்ஹானிடம் போய்ச் சொல்லிவிட்டாள். சுலைமான் ஆகாவின் ஆட்கள் முந்திக்கொண்டார்கள். கோசெம் ஓர் அலமாரிக்குள் ஒளிந்ததாகவும், இழுத்து வந்து கழுத்தை நெரித்ததாகவும் குறிப்புகள் சொல்கின்றன. விடிந்ததும் நபியின் புனிதக் கொடியை வெளியே நிறுத்தி நகர மக்களைத் திரட்டினார்கள். ஜானிசாரித் தளபதிகள் தனித்துப்போனார்கள். கவனியுங்கள், இந்த இரவில் வென்றது வாசல் சாவி வைத்திருந்த பக்கம்.

தரவுகளில் எதை எவ்வளவு நம்புவது? சம்பளப் பதிவேடு, அறக்கட்டளைப் பத்திரம், கடிதம் மூன்றும் முதலிடம். வெனிஸ் தூதர்களின் அறிக்கை அடுத்தது, அதையும் தேதி பார்த்து நம்புங்கள். மஹிதெவ்ரான் ஹுர்ரெமை 'விலைக்கு வாங்கிய இறைச்சி' என்று திட்டி, முகத்தைப் பிறாண்டிய பிரபலமான சண்டை வெனிஸ் தூதர் நவகேரோவின் 1553 அறிக்கையில் வருகிறது. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படுவதோ பல ஆண்டுகளுக்கு முன். தூதர் உள்ளே கால் வைத்ததில்லை. வதந்தி என்று தெரிந்தே பயன்படுத்துங்கள், ஊர் வாயில் உலவும் வதந்தியாகவே நாவலில் வைத்தால் இன்னும் பொருந்தும். ஹுர்ரெமின் சொந்தக் கடிதம் ஒன்று இதைவிடக் கூர்மையானது. பிரதம அமைச்சர் இப்ராஹிம் பாஷாமேல் ஏன் கோபம் என்று போர்முனையிலிருந்து சுலைமான் கேட்டதற்கு, நேரில் பார்க்கும்போது சொல்கிறேன் என்கிறாள். 1536இல் அந்தப் பாஷா கொல்லப்பட்டார். காரணத்தைக் கடிதம் சொல்லவில்லை. அந்த இடைவெளி உங்களுக்கானது.

கடைசியாக ஒரு யோசனை. ஹுர்ரெம், கோசெம் கதைகளைப் பலர் எழுதிவிட்டார்கள். மெலெகியை மையமாக வையுங்கள். அடிமையாக வந்தவள், எஜமானியைக் காட்டிக்கொடுத்தவள், பிறகு திருமணமாகி அரண்மனைக்கு வெளியே வாழ்ந்தபடி துர்ஹானிடம் மனுக்களைக் கொண்டுசேர்க்கும் பெரிய மனுஷியானவள். 1656 கலகத்தில் படைவீரர்கள் கேட்ட தலைகளில் அவளுடையதும் அவள் கணவனுடையதும் இருந்தன, இருவரும் கொல்லப்பட்டார்கள். தொடக்கம், திருப்பம், முடிவு மூன்றும் வரலாற்றிலேயே கிடைக்கின்றன. அவள் ஏன் காட்டிக்கொடுத்தாள் என்பதை மட்டும் நீங்கள் எழுதினால் போதும்.