பால் தீய்ந்தது அவனுக்குத் தெரியவில்லையா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது முடிந்துவிட்டது, பத்தாவது படிக்கிறான். மீசை அரும்பவில்லை, குரல் உடையவில்லை, கூடப் படிக்கிறவர்களின் தோள் உயரம்தான் இருக்கிறான். நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுகிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை. எந்நேரமும் போன்தான், பக்கத்து அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறினாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. உயரத்துக்கு ஆன்லைனில் பவுடர் வாங்கி மூன்று மாதமாகக் கொடுக்கிறேன். நாங்கள் வீட்டில் பூக்கட்டிப் பிழைக்கிறோம். "இவன் நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று நிற்பானா?" என்று அவன் அப்பா கேட்கிறார்.
- பெயர் வேண்டாம், திருமங்கலம் பக்கம்

பதில்: நிற்பான் அம்மா. நான் சந்தேகப்படுகிற காரணமே உறுதியானாலும், மீசையையும் குரலையும் வரவைக்க மருந்து இருக்கிறது. அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

நகப் புள்ளி எங்கோ இடித்துக்கொண்டதன் அடையாளம், கால்சியத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. வளர்ச்சி வேகம் பிடிக்காத பையனுக்குப் பசியும் அளவாகத்தான் இருக்கும். பவுடரை இன்றே நிறுத்துங்கள். உயரத்தைக் கூட்டும் பவுடர் என்று எதுவும் கிடையாது. டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. ஆண் ஹார்மோன் வகை ஏதாவது கலந்திருந்தால் எலும்பு முனைகள் சீக்கிரமே மூடி, இனி வளர வேண்டிய உயரமும் போய்விடும். மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு "வாலிபக் குறை" தீர்ப்பதாகச் சொல்பவர்களிடமும் அழைத்துப் போய்விடாதீர்கள். அங்கே போய்ப் பயந்து, பணமும் இழந்து வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆண் பிள்ளைக்குப் பருவம் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் தொடங்க வேண்டும். அதன் முதல் அடையாளம் மீசை இல்லை, விதைகள் பெரிதாவது. அது பெற்றவர்கள் கண்ணில் படாது. மீசையும் குரலும் அதற்கு வெகுநாள் கழித்துத்தான் வரும். தாமதமாகிற பையன்களில் பெரும்பாலோருக்கு நோய் எதுவும் இருக்காது, வம்சமே அப்படி இருக்கும். அப்பா எந்த வகுப்பில் சட்டென்று வளர்ந்தார், எப்போது சவரம் தொடங்கினார் என்று கேளுங்கள். அவரும் பன்னிரண்டாவதில்தான் என்றால் பாதிக் கவலை தீரும். 14 தாண்டிவிட்டதால் அப்போதும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டியதுதான், ஆனால் அவசரம் இருக்காது.

என்னை நிறுத்தியது அந்தப் பால்தான். போன் கண்ணைக் கட்டும், காதைக் கட்டும், மூக்கைக் கட்டாது. வீடே நாறும்போது அவனுக்கு உறைக்கவில்லை என்றால், அவனுக்கு வாசனையே தெரியவில்லையோ?

கருவில் மூக்கு உருவாகிற இடத்தில் பிறக்கும் சில நரம்புச் செல்கள், வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் ஏறிப் போகின்றன. பின்னாளில் பருவத்தை எழுப்பச் சொல்லி உத்தரவு அனுப்புவது அந்தச் செல்கள்தான். வழியில் தடைபட்டால் வாசனையும் இருக்காது, பருவமும் எழாது. கால்மன் நோய்க்குறி என்று இதற்குப் பெயர். அரிதானதுதான். ஆனால் பிறவியிலேயே வாசனை அறியாத பிள்ளைக்குத் தன்னிடம் குறை இருப்பதே தெரியாது. மல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன், எல்லோரும் சொல்வதைக் கேட்டு "நல்ல வாசம்" என்று சொல்லப் பழகியிருப்பான்.

இன்றே சோதித்துப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, ஒரு கிண்ணத்தில் காபித்தூள், இன்னொன்றில் கேழ்வரகு மாவு வைத்து, எது எதுவென்று கேளுங்கள். மாற்றி மாற்றி ஐந்தாறு தடவை. பூவையும் அப்படியே நீட்டுங்கள். விக்ஸ், வெங்காயம் வைக்காதீர்கள். அந்தக் காரத்தை உணர்வது வேறு நரம்பு. சளியோ மூக்கடைப்போ இருந்தால் அது தீர்ந்த பிறகு பாருங்கள்.

சொல்ல முடியவில்லை என்றால் ஒத்திப்போட வேண்டாம். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காட்டி, பால் தீய்ந்த கதையை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்ன வயதில் விதை இறங்காமல் ஆபரேஷன் நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். டாக்டர் மணிமாலை போன்ற ஒன்றை வைத்து விதையின் அளவை ஒப்பிட்டுப் பார்ப்பார்; 4 மில்லி வந்திருந்தால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது நீங்கள் வெளியே இருங்கள், அவன் கூச்சப்படுவான். காலையில் எடுக்கும் ரத்தத்தில் ஹார்மோன் சோதனை, எலும்பு வயது அறிய இடது கை எக்ஸ்ரே இரண்டும் எழுதுவார்கள். ஹார்மோன் இல்லாமல் வருடக்கணக்கில் விட்டால் எலும்பு பலவீனப்படும். சிகிச்சை சின்ன அளவு ஊசியில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டப்படும். பிள்ளை பெறுவதற்கென்று வேறு ஊசிகள் உண்டு, பலருக்குப் பலன் தருகின்றன. அது பிற்காலக் கதை.

சொந்தக்காரர்கள் முன்னால் அவன் உயரத்தைப் பேசாதீர்கள். கண்மாயில் குளிக்கவும் கபடிக்கும் போவதை நிறுத்திவிட்டானா என்று கவனியுங்கள். அப்படியென்றால் பள்ளியில் கேலி நடக்கலாம், தனியாக உட்காரவைத்து விசாரியுங்கள்.

இன்னொன்று. வாசனை தெரியாதவனுக்கு கேஸ் கசிவதும் தெரியாது. சோதனை முடிவு வரும்வரை அவனை வீட்டில் தனியாக விட்டுப் போகும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள்.