மண்ணை நக்கும் குதிரைக்கு மாட்டுத் தாது உப்பு போடலாமா?

வைக்கோலும் தவிடும் மட்டும் தின்னும் குதிரை மண்ணை நக்குகிறது, மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பை லேபிளைப் பாருங்கள். மோனென்சின் (மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் ஒரு மருந்து) என்று இருந்தால் தொடவே வேண்டாம். மாட்டுக்கு ஒத்துக்கொள்ளும் அளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துவிடும்.

எனக்குச் சந்தேகம் தவிட்டின் மேல்தான். அதில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. குதிரைக்கோ கால்சியம்தான் கூடுதலாக வேண்டும், கிட்டத்தட்ட 2:1. கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாளடைவில் முக எலும்பு இருபுறமும் புடைக்கும். கண்ணுக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள்.

தவிட்டை மெல்லக் குறைத்து, கால்சியம் நிறைந்த பசுந்தீவனமான குதிரைமசால் கொடுங்கள் (பெயரிலேயே குதிரை இருக்கிறது!). தினமும் 30 கிராம் சாதா உப்பு, கூடவே தாராளமாகத் தண்ணீர். செலினியம் என்ற தாதுவை மட்டும் ரத்தப் பரிசோதனை இல்லாமல் சேர்க்காதீர்கள், கொஞ்சம் கூடினாலே விஷம்.