உழக்கு நெய்க்கு ஓர் அளவு

கேள்வி: பில் கேட்ஸின் அறக்கட்டளை போன்றவர்கள் தங்கள் பணியை மதிப்பிடுவதற்கென்றே ஒரு கொள்கை வைத்திருக்கிறார்களாமே, எந்த அளவுகோலால் அளக்கிறார்கள்?

பதில்: அளவுகோல் என்று கேட்டுவிட்டீர்கள், இனி தஞ்சாவூருக்குப் போகாமல் என்னால் இருக்க முடியாது. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் கோயிலில் அணையாமல் எரிய வேண்டிய ஒரு நொந்தா விளக்குக்கு 96 ஆடு விடுகிறார்கள். ஆட்டைப் பெற்றுக்கொண்டவர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். எதனால் அளப்பது? அதையும் எழுதியிருக்கிறார்கள், 'ஆடவல்லான் என்னும் மரக்காலால்' என்று. நம் கல்வெட்டுகளில் இந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்றே பெயர். ஒன்று செத்தாலும் கிழடானாலும் குட்டியை வளர்த்து எண்ணிக்கையைச் சரிக்கட்டு என்று அர்த்தம். கொடுத்தது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, யார் பொறுப்பு, எல்லாம் கோயில் சுவரிலேயே இருக்கிறது.

சரி, கேட்ஸுக்கு வருகிறேன். கொடுக்கிற ஒவ்வொரு காசையும் மதிப்பீடு செய்யத் தேவையில்லை, அடுத்து ஒரு முடிவெடுக்க உதவும் என்றால் மட்டும் செய்தால் போதும் என்பது அவர்கள் கொள்கை. இதில் எனக்கு முழுச் சம்மதம். நாலு பேர் வேலை பார்க்கிற சின்னத் தொண்டு நிறுவனம், வாங்கின பணத்துக்குப் படிவம் நிரப்பியே வருஷத்தை ஓட்டுகிற கொடுமையைப் பல வருடங்களாகத் திட்டி எழுதி வருகிறேன். கேட்ஸ் அறக்கட்டளையினர் அமெரிக்கப் பள்ளிகளில் ஆசிரியர்களின் தரத்தை அளந்து உயர்த்தினால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று நம்பி ஒரு திட்டம் நடத்தினார்கள். மொத்தச் செலவு 57.5 கோடி டாலர், அதில் அறக்கட்டளையின் பங்கு மட்டும் 21 கோடிக்கு மேல். 2018இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை வந்தது: பிள்ளைகளின் படிப்பில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. தோற்றதைத் தோற்றது என்று வெளியார் எழுத, அது ஊரறிய வெளியானது பாருங்கள், அதற்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன். வெற்றிக் கதையைப் புகைப்படத்தோடு அச்சடிக்க எந்தக் கொள்கையும் வேண்டாம்.

நம் நாட்டிலும் 2021 முதல் விதி இருக்கிறது. சமூகப் பொறுப்புக்கென்று சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிட வேண்டிய கம்பெனிகள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்கள் முடிந்த பிறகு, வெளியாரை வைத்துத் தாக்கத்தை மதிப்பிட வேண்டும். அந்த அறிக்கையை இயக்குநர் குழுவின் முன் வைத்து, சமூகப் பொறுப்புப் பணிகளின் ஆண்டறிக்கையோடு இணைக்கச் சொல்கிறது விதி. ஊரின் முன் வைக்கச் சொல்லவில்லையே! என் கோபமெல்லாம் இங்கேதான். சில வருடங்களுக்கு முன் ஒரு குடிநீர்த் திட்டத்தைப் பார்க்கப் போனேன். "மூணு தடவை வந்து எத்தனை குடம் பிடிக்கிறீங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க சார், என்ன எழுதினாங்கன்னு யாரும் வந்து சொல்லலை" என்றார் ஓர் அம்மா. குடம் குடமாகத் தூக்கி வந்தவர் அவர், கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவரும் அவர், அறிக்கை மட்டும் ஆங்கிலத்தில் யார் மேஜைக்கோ போய்விட்டது. அந்த அறிக்கையைத் தமிழில் தரச் சொல்லி நடத்தியவர்களுக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். நான்காவதை இந்த வாரம் அனுப்புகிறேன். வந்தால் இதே பக்கத்தில் முழுசாகப் போடுவேன், அந்த அம்மாவுக்கும் ஒரு பிரதி போகும்.