பழைய காலத்தைக் காட்டும் குடும்பத் தொடர்களில் வரும் பிற்போக்கான எண்ணங்களை வெட்டிவிட வேண்டுமா?

கேள்வி கேட்டவர் 1960களின் மலேசியத் தோட்டப்புற வாழ்க்கையைச் சொல்லும் குடும்பத் தொடர் ஒன்றைப் பிள்ளைகளோடு பார்த்து வருகிறார். கணவன் கைநீட்டுகிறான், மாமியார் மருமகளின் நிறத்தைக் குத்திக்காட்டுகிறாள், வீட்டுப் பெரியவர் இரண்டாம் தாரம் கட்டுகிறார், யாரும் வாய் திறப்பதில்லை. இதையெல்லாம் வெட்டியெறியச் சொல்ல வேண்டுமா, இல்லை ‘அந்தக் காலம் அப்படித்தான்’ என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

வெட்ட வேண்டாம். நடந்ததைக் காட்டட்டும். எனக்குக் கோபம் வருவது ‘அந்தக் காலம் அப்படித்தான்’ என்ற பேச்சில்தான். அப்படிச் சொல்லும்போது, அந்தக் காலத்திலேயே ‘இது தப்பு’ என்று சொன்னவர்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறோம். இந்த மண்ணில் அப்படிச் சொன்னவர்கள் நிறையப் பேர். சொன்னதற்காக வேலையை இழந்தார்கள், நாடு கடத்தப்பட்டார்கள், சிலர் உயிரையும் விட்டார்கள்.

நான் கோலாலம்பூரில், செந்தூலில் குடியிருக்கிறேன். பிறந்து வளர்ந்தது சிலாங்கூரில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே மரம் வெட்டியவர், அதாவது பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவியவர். இப்போது என்னோடுதான் இருக்கிறார், சாயங்காலத் தொடர் ஒன்றையும் விடமாட்டார். ஒரு நாள் இதே மாதிரியான தொடரில் விடியற்காலைக் காட்சி. மருமகள் தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, குத்துவிளக்கேற்றி, கணவனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுக் காப்பி கொடுக்கிறாள். பின்னணியில் வீணை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, இவ எப்பப் பெரட்டுக்குப் போவா?” என்று கேட்டார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

பெரட்டு தெரியாத தலைமுறைக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்பே தோட்டத்தில் பேர் வாசித்து ஆள் கணக்கெடுப்பார்கள், அதுதான் பெரட்டு. அம்மா இருட்டில் எழுந்து, அடுப்பு மூட்டி, சோறாக்கி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டுபோய் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். தோட்டத்து எழுத்தரான கிராணி பேர் வாசிப்பார். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. அப்புறம் நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் மரம் மரமாகப் பட்டையைச் சீவி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைத்துக்கொண்டே போக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது. வெட்டி முடித்த பிறகு அதே நிரையில் திரும்பிப்போய், மங்கிலிருக்கும் பாலையெல்லாம் வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளியை மாட்டித் தோளில் சுமந்துவந்து நிறுக்க வேண்டும். அம்மாவின் வலது தோளில் அந்தக் கம்பு பதிந்த இடம் இன்றைக்கும் காய்த்துப்போய்க் கெட்டியாக இருக்கிறது.

அப்பாவும் அதே பெரட்டுக்குப் போனவர், அதே மரத்தை வெட்டியவர். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு வேலை முடிந்தது. அம்மாவுக்குத் துணி, அடுப்பு, பிள்ளை என்று அடுத்த வேலை ஆரம்பித்தது. சம்பளத்தன்று அம்மா வாங்கிய காசும் அப்பா கைக்குப் போனது. அதில் எவ்வளவு கள்ளுக்கடைக்குப் போகிறது என்று கேட்க அம்மாவுக்கு வாயில்லை. எங்கள் பெண்கள் பட்ட அநியாயத்தின் உருவம் இதுதான்: ஆணுக்குச் சமமாகச் சம்பாதித்துக்கொண்டே சொல்லற்றுக் கிடந்தது. தொடரில் வருகிற மருமகளோ வாசல்படி தாண்டாதவள், கணவன் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள். எங்கோ ஒரு மச்சுவீட்டுக் கூடத்திலிருந்து அவளைக் கொண்டுவந்து லயத்தில் குடிவைத்திருக்கிறார்கள். பிற்போக்கைக் காட்டுகிறோம் என்று சொல்லி, நடந்த பிற்போக்கை மறைத்துவிட்டு, நடக்காத ஒன்றை அழகாக்கி வைக்கிறார்கள்.

‘ஆணுக்குச் சமமாக’ என்று சொன்னேன், அது வேலையில்தான். போருக்கு முந்தைய ஆண்டுகளில் தோட்டத்து நிர்ணயக் கூலி ஒரு நாளைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்தது. அதே கத்தி, அதே மரம், பத்துக் காசு குறைவு. பொம்பளைக்கு இது போதும் என்ற எண்ணம் மாமியார் வாயில் மட்டும் இருக்கவில்லை, ஆபீஸ் செக்ரோலிலும், அதாவது சம்பளப் பதிவேட்டிலும், இருந்தது. எந்தத் தொடரிலாவது அந்தச் செக்ரோலைக் காட்டியிருக்கிறார்களா? எல்லாப் பாவத்தையும் மாமியார் தலையில் கட்டிவிட்டுத் தோட்ட நிர்வாகியான துரையை நல்லவராகக் காட்டுவதுதான் நான் பார்த்த வரைக்கும் வழக்கம்.

யாரும் வாய் திறக்கவில்லை என்பதற்கு வருகிறேன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது, கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் இருந்தது. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் வெள்ளைக்காரர்களும் மேல்நிலை ஊழியர்களும் முறைகெட்டு நடப்பதை நிறுத்தச் சொன்னதும், துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னதும் அதே பட்டியலில் இருந்தன. கூலியும் மானமும் வேறு வேறு என்று அவர்கள் நினைக்கவில்லை. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கிச் சுட்டார்கள். தொழிலாளர்கள் செத்தார்கள்.

இன்றைய தொடர்களுக்கு அந்தக் காலத்துச் சைக்கிளை எங்கெங்கோ தேடிப்பிடித்து, துடைத்து, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து லயத்து வாசலில் சாத்திவைக்கிறார்கள். கிராணி எதிரே வரும்போது ஒருவன் அதிலிருந்து இறங்காமல் போகிற காட்சி ஒன்றே ஒன்று வைத்தால் போதும், அந்தக் காலத்தின் அடக்குமுறையும் அதை எதிர்த்த துணிச்சலும் பார்க்கிற பிள்ளைக்குச் சேர்ந்தே புரிந்துவிடும்.

அதற்கு முன்பே, 1929 டிசம்பரில், பெரியார் பினாங்கில் வந்து இறங்கியிருக்கிறார், ஈப்போ தமிழர் மாநாட்டில் பேசியிருக்கிறார். சாதியும் பெண்ணடிமையும் தப்பு என்று இங்கே மேடை போட்டுப் பேசப்பட்டதற்குக் கிட்டத்தட்ட நூறு வயது ஆகப்போகிறது. 1943இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து துப்பாக்கி பிடித்துப் பயிற்சி எடுத்தார்கள். கோலாலம்பூர்ப் பெண்ணான ஜானகி ஆதி நாகப்பன் 18 வயதில் அதில் சேர்ந்து, அந்தப் படையின் துணைத் தலைவியாக உயர்ந்தார், பிற்காலத்தில் மேலவை உறுப்பினராகவும் ஆனார். 1960களின் கதை என்றால், அந்தப் படையில் இருந்துவிட்டுத் திரும்பிவந்த பெண்களுக்கு அப்போது நாற்பது வயது. அவர்களில் ஒருத்தி நம் தொடர்களில் மாமியாராக வந்திருக்கலாமே!

சாதியைப் பற்றிக் கேள்வியில் ஒன்றும் இல்லை. தொடரிலும் இருக்காது. அடியும் உதையும் எத்தனை வேண்டுமானாலும் வரும், சாதி என்ற பேச்சு மட்டும் வராது. ‘குடும்ப கௌரவம்’ என்று பூசி மெழுகி எழுதிவிடுவார்கள். சாதிவாரியாக லயம் ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன. கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதெல்லாம் சாதி பார்த்துத்தான் நடந்தது. இதை மறைப்பதால் யாருக்கு நன்மை? சாதி பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் பாட்டி பட்டது எதுவும் திரையில் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் எங்கள் அடுத்த வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிறப்பால் அவர் சீனர். பெண் குழந்தை பாரம் என்று நினைத்த சில சீனக் குடும்பங்கள் குழந்தையைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களிடம் வளர்க்கக் கொடுத்துவிடுவது அந்தக் காலத்தில் நடந்தது. அப்படி வந்தவர்தான் அந்த அக்கா. எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பார், தேவாரம் பாடுவார். வளர்த்தவர்கள் உயிராக இருந்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோதுதான், ‘பொண்ணு என்ன சாதின்னு சொல்றது?’ என்று சொந்தக்காரர்கள் இழுத்தார்கள். அக்காவின் அப்பா வாசலில் நின்றுகொண்டு, லயம் முழுவதும் கேட்கும்படி, “எஞ் சாதிதான் எம் மக சாதி. பிடிக்காதவன் பந்தியில உக்கார வேணாம்” என்றார். அவரும் அந்தக் காலத்து மனிதர்தான். பெண்டாட்டியை அதட்டுகிறவர், கள்ளுக் குடிக்கிறவர், மகளுக்காகச் சொந்தம் அத்தனையையும் பகைத்துக்கொண்டவர். இந்த மூன்றும் ஒரே ஆளுக்குள் இருந்தன. தொடர்களில் வரும் அப்பாக்களில் இந்த மாதிரி ஒருவரைக் காண நான் ஏங்குகிறேன்.

இரண்டாம் தாரக் காட்சியைப் பிள்ளைகள் மிகை என்று நினைக்கலாம். மிகையில்லை. இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டத்தால்தான், அது நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அதுவரை வழக்கப்படி இன்னொருத்தியைக் கட்டினால் முதல் மனைவி அழலாம், அவ்வளவுதான். தாயும் தகப்பனுக்குச் சமமான பாதுகாவலர் என்று சட்டத்தில் எழுத 1999 வரை ஆனது. அந்தக் காலம், அந்தக் காலம் என்று நாம் தள்ளிவைப்பது எவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறது, பாருங்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1980களில் எடுத்த நாடகத்தை இன்று மறுஒளிபரப்பில் பார்ப்பது ஒன்று, இன்றைக்கு உட்கார்ந்து 1960களைப் பற்றி எழுதுவது வேறு. பழைய நாடகத்தில் இருப்பது அதை எடுத்தவர்களின் எண்ணம், அதை இனி மாற்ற முடியாது. தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வரி போட்டால் போதும். டிஸ்னி பிளஸ் 2020இல் தன் பழைய படங்கள் சிலவற்றுக்கு அப்படித்தான் செய்தது. இன்று எழுதுகிறவர்களை அந்த மாதிரி விட்டுவிட முடியாது. யாருடைய கண்ணால் பார்ப்பது, எந்த இடத்தில் இசையை ஏற்றுவது என்று தீர்மானிப்பது அவர்கள்தான். அடிவாங்கிய பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போடும்போது நெஞ்சை உருக்கும் இசை வந்தால், பொறுத்துப்போவதுதான் பெண்ணுக்குப் பெருமை என்று அந்த இசையே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

நன்றாகச் செய்ததற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2008இல் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் வந்த ‘தி லிட்டில் நியோன்யா’, மலாக்காவின் பெரனாக்கான் (சீன-மலாய்க் கலப்புப் பண்பாட்டு) குடும்பங்களின் கதை, 1930களில் தொடங்குகிறது. காதுகேளாத, வாய்பேச முடியாத பெண்ணை ஒரு பணக்காரனுக்கு வைப்பாட்டியாகத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள், அவள் தப்பி ஓடுகிறாள். பூவேலை, சமையல், கேபாயா உடை என்று கண்ணைப் பறிக்கிற அழகெல்லாம் அதில் உண்டு. ஆனால் கதை கொடுமைப்பட்ட பெண்களின் பக்கத்தை விட்டு நகராததால், அந்த அழகு கொடுமைக்குத் திரையாக நிற்கவில்லை.

பிள்ளைகளோடு பார்ப்பது பற்றி. என் மகள் படிவம் இரண்டில் (எட்டாம் வகுப்புக்குச் சமம்) படிக்கிறாள். அடிக்கிற காட்சி வந்ததும், “ஏன் அந்த அக்கா போலீசுக்குப் போகல?” என்று கேட்டாள். குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996இல்தான் நடப்புக்கு வந்தது என்று சொன்னேன். அம்மா குறுக்கிட்டு, “போலீசா? எதுன்னாலும் கிராணி, இல்லன்னா துரை. துரைகிட்டப் போனா ரெண்டு பேர் பேரையும் வெட்டிருவான், வீடும் போயிரும்” என்றார். வீடு தோட்டத்துடையது என்பதே என் மகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் அவள் பாட்டியை விடவில்லை. அடிவாங்கினவர்கள் ராத்திரி எங்கே போய்ப் படுத்தார்கள், யார் சோறு போட்டார்கள், புருஷன் தேடி வந்தால் யார் தடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் ஆள் பேர் சொல்லிப் பதில் சொன்னார். எந்த லயத்தில் எந்தப் பாட்டி கதவைத் திறந்துவைப்பார், வேலையை மேற்பார்க்கும் எந்த மண்டோர் கம்பை எடுத்துக்கொண்டு வருவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சின்னப் பிள்ளைகளாக இருந்தால் அடிக்கிற காட்சியைத் தாண்டிவிடுங்கள், கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் கூடவே உட்கார்ந்து பாருங்கள், வீட்டில் தோட்டத்தில் இருந்த பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் உட்காரவையுங்கள். அலைவரிசைக்கு எழுதுவதானால் காட்சியை நீக்கச் சொல்லி எழுதாதீர்கள். அந்தப் பெண் அன்று ராத்திரி யார் வீட்டுக்குப் போனாள், மறுநாள் வேலைக்கு எப்படிப் போனாள் என்பதையும் காட்டச் சொல்லி எழுதுங்கள். நானும் எழுதியிருக்கிறேன்.